விரதத்தை ஏன் டாக்டரிடம் சொல்வதில்லை?

சர்க்கரை மாத்திரைச் சீட்டில் 1-0-1 (காலை ஒன்று, ராத்திரி ஒன்று) என்று எழுதும் டாக்டர் ஒரு நாளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்: காலை எட்டு மணிக்கு இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. முக்கூடலில் பீடி சுற்றும் பெண்ணுக்கு அப்படியொரு நாள் கிடையாது. விடிந்ததும் ஒரு காப்பி, மாத்திரை. பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால், சாப்பிட எழுந்திருக்கப் பதினொரு மணி ஆகிவிடும். அவர் அதைச் சொல்வதில்லை, டாக்டர்களான நாங்களும் கேட்பதில்லை.

சாதாரண நாளில் இது, சர்க்கரை கொஞ்சம் இறங்கி, தலைசுற்றலோடு போய்விடும். விரத நாளில் அப்படிப் போகாது.

கந்த சஷ்டி வாரத்தில் பாளையங்கோட்டை கிளினிக்குக்கு ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். பச்சை வேட்டி, கழுத்தில் மாலை, வியர்வையில் தொப்பலாக நனைந்த உடம்பு. சர்க்கரை 52, ரொம்பவே தாழ்வு. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் ஒழுங்காகப் பேசினார்.

“என்ன சாப்பிட்டீங்க அண்ணாச்சி?”

“நாலு நாளா பாலும் பழமுந்தான் சார்.”

“மாத்திரை?”

“அத விடுவனா? டாக்டர் எழுதுனபடி ரெண்டு வேளையும் போட்டுட்டேன்.”

மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் விரதத்தைப் பற்றிச் சொன்னாரா என்று கேட்டேன். மனைவி முந்திக்கொண்டார்: “சொன்னா வேண்டாம்பாவ. சாமி காரியத்துல வேண்டாம்னு ஒரு வார்த்தை விழக் கூடாதுல்லா சார்.”

இதை ஒளித்து மறைப்பது என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் இது மரியாதை. டாக்டர் ஒன்று சொல்லிவிட்டால் மீறக் கூடாது. அதனால் சொல்லவே விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். விரதம் இருந்தால் அவர்களே சொல்வார்கள் என்று டாக்டரும் இருந்துவிடுகிறார். தப்பித்தவறிச் சொன்னால், “அதெல்லாம் கூடாது” என்று தலை நிமிராமல் பதில் வருகிறது. அடுத்த வருஷம் யார் வாய் திறப்பார்கள்?

அவர் போட்டது கிளிமிபிரைடு. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும் வகை அது. இன்சுலின் ஊசியிலும் இதே அபாயம் உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் போடுபவருக்குச் சர்க்கரை இறங்குவது அபூர்வம். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகையில் வேறு சிக்கல்: தண்ணீர் குடிக்காமல் இருந்தால் உடம்பு வறண்டுபோகும். ஆக, மாத்திரையைப் பொறுத்து ஆலோசனை மாறும்.

மேலப்பாளையத்தில் ரமலான் சமயம் இது இன்னும் நுட்பமானது. “நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறதே” என்று டாக்டர் பாடம் எடுப்பார். அது நோன்பு வைக்கும் அம்மாவுக்குத் தெரியாதா? வீடே ஸஹருக்கு, அதாவது விடியுமுன் சாப்பிட, எழும்போது தான் மட்டும் படுத்திருக்க மனசு வரவில்லை, அதுதான் விஷயம். “இந்த வருஷம் நோன்பு வைக்கிறீங்களாம்மா?” என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்: எந்த வேளை மாத்திரையைக் குறைப்பது, எதை நோன்பு திறந்தபின் போடுவது, வடையையும் சமோசாவையும் எவ்வளவோடு நிறுத்துவது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை முறித்துவிட வேண்டும்.

கர்ப்பிணிகள், சிறுநீரகம் பழுதானவர்கள், சிறுவயதிலிருந்து இன்சுலின் போடுபவர்கள், சமீபத்தில் சர்க்கரை இறங்கி மயங்கியவர்கள் ஆகியோரிடம் “வேண்டாம்” என்றுதான் சொல்வேன். மற்றவர்களில் பலருக்கு அளவை மாற்றினால் போதும். குலசை தசராவுக்கு மாலை போட்டு விரதம் இருப்பவருக்கும், கிறிஸ்தவர்களின் லெந்து நாட்களில் மதியம்வரை உபவாசம் இருப்பவருக்கும் இதே பேச்சுதான்.

ரமலானுக்கு என்றால் ஒன்றரை மாதம் முன்பே வாருங்கள், சஷ்டிக்குத் தீபாவளிப் பலகாரம் சுடுவதற்கு முன்னால். வரும்போது மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து வாருங்கள். “சின்னதா, வெள்ளையா இருக்கும் சார்” என்றால் எங்களுக்குப் பிடிபடாது.