மருத்துவ மாணவரின் மனநிறைவை எப்படி அளக்கிறார்கள்?

“ரசித்துப் படிக்க முடியாத அளவுக்குக் களைத்துப்போயிருக்கிறேன்.” ஐம்பது வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவத்தில் நான்காவதாக வரும் வாக்கியம் இது. இரவு வெகுநேரம் வார்டில் நின்றுவிட்டு, காலையில் கண் எரிய வகுப்புக்கு வந்திருக்கும் மாணவி இதற்கு நேரே ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்று குறிப்பாள். அவள் படிக்கும் கல்லூரியின் கணக்கில் அந்தக் குறி பூஜ்யமாக ஏறும்.

மருத்துவக் கல்லூரியின் கல்விச் சூழலை மாணவர்களின் பார்வையில் அளக்கும் இந்தப் படிவத்தின் பெயர் ‘டிரீம்’ (DREEM). ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் சூ ராஃபும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கி, 1997இல் வெளியிட்டார்கள். நல்ல கல்விச் சூழலில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று பல நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ நூறு மருத்துவக் கல்வியாளர்களிடம் சுற்றுச் சுற்றாகக் கருத்துக் கேட்டு, வந்த பதில்களைச் சலித்தெடுத்தபோது மிஞ்சியவைதான் இந்த வாக்கியங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும்கூட மருத்துவக் கல்லூரிகள் இதைப் பயன்படுத்தியிருக்கின்றன.

கணக்கு எளிது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும், முற்றிலும் மறுத்தால் 0 என்பதில் தொடங்கி முற்றிலும் உடன்பட்டால் 4 வரை மதிப்பெண், மொத்தம் 200. கற்பித்தல், ஆசிரியர்கள், படிப்பில் தன்னம்பிக்கை, சூழல், சமூக வாழ்க்கை என ஐந்து பிரிவுகள். நல்ல நண்பர்கள் இருக்கிறார்களா, தங்குமிடம் வசதியாக இருக்கிறதா என்றுகூடப் படிவம் கேட்கிறது. விடுதி அறையில் நிம்மதியில்லாதவனுக்கு உடற்கூறியல் எப்படி மண்டையில் ஏறும்? இதைக் கேட்கத் தோன்றியதற்காகவே அந்தக் குழுவை நான் மதிக்கிறேன்.

ஐம்பதில் ஒன்பது வாக்கியங்கள் எதிர்மறையானவை. ‘ஆசிரியர்கள் மாணவர்களை ஏளனம் செய்கிறார்கள்’, ‘வகுப்பில் கோபப்படுகிறார்கள்’, ‘இங்கே கிடைக்கும் அனுபவம் ஏமாற்றம் தருகிறது’ போன்றவை. இவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும்: முற்றிலும் உடன்பட்டால் 0, முற்றிலும் மறுத்தால் 4. களைத்த மாணவியின் குறி பூஜ்யமானது இதனால்தான்.

மொத்தம் 50க்குள் இருந்தால் நிலைமை மிக மோசம். 100 வரை, சிக்கல்கள் ஏராளம். 101 முதல் 150 வரை, குறையைவிட நிறை அதிகம். அதற்கு மேலே மிகச் சிறப்பு. இந்த அட்டவணையை மட்டும் பார்த்துத் திருப்தியடையும் நிர்வாகங்களுக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு மாணவன், எதையும் படிக்காமல் ‘உடன்படுகிறேன்’ என்ற கட்டத்திலேயே மேலிருந்து கீழ்வரை குறி போட்டுக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நேர்மறையான 41 வாக்கியங்களுக்குத் தலா 3, அதாவது 123. எதிர்மறையான ஒன்பதுக்குத் தலா 1. மொத்தம் 132: ‘நிறை அதிகம்’! ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ கட்டத்தில் அதே வேலையைச் செய்தால் 164 வரும். மிகச் சிறப்பான கல்லூரி! ஆனால் அதே தாளில், ஆசிரியர்கள் ஏளனம் செய்கிறார்கள் என்றும் அவன் ஒப்புக்கொண்டிருப்பான். அந்த முரண்பாடுதான் அவனைக் காட்டிக்கொடுக்கும். மொத்தத்தைக் கூட்டுவதற்கு முன் தாள்களைப் புரட்டிப் பார்ப்பவர் கண்ணில்தான் அது படும்.

சராசரியும் ஏமாற்றும். நூறு பேர் வகுப்பில், ஏளனம் பற்றிய வாக்கியத்துக்கு எல்லோரும் ‘உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்றால் சராசரி 2. ஐம்பது பேர் 4 மதிப்பெண்ணுக்கும் ஐம்பது பேர் பூஜ்யத்துக்கும் குறித்தாலும் அதே 2தான். இரண்டாவது வகுப்பில் பாதிப் பேர் அவமானப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். எண்ணில் அது தெரியவில்லை. ஆகவே வாக்கியம் வாக்கியமாகப் படிக்க வேண்டும், பதில்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். ஒரு வாக்கியத்தின் சராசரி 3.5 அல்லது அதற்கு மேல் என்றால் அது உண்மையான பலம். 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் உடனே கவனிக்க வேண்டிய இடம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. மாணவர் திருப்தியடைந்தால் நன்றாகக் கற்றுவிட்டார் என்று பொருளா? ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் 118 மருத்துவ மாணவர்களை 20 குழுக்களாகப் பிரித்தார்கள். அவசர மருத்துவ வகுப்பு. ஒரே ஆசிரியர்கள், ஒரே பாடம். பத்துக் குழுக்களுக்கு மட்டும் அரைக் கிலோ சாக்லேட் பிஸ்கட் வைத்தார்கள். பிஸ்கட் கிடைத்த குழுக்கள் ஆசிரியர்களுக்கு அதிக மதிப்பெண் கொடுத்தன. பாடக்குறிப்புகளும் மேலானவையாக அவர்களுக்குத் தோன்றின. இது 2018இல் வெளியான ஆய்வு. அதற்கு வெகுநாள் முன்பே, 1970இல், அமெரிக்காவில் ஒரு நடிகரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்ற பெயரில் நிபுணராக அறிமுகப்படுத்தி, பொருளற்ற உரை ஒன்றை மிடுக்காக நிகழ்த்தவைத்தார்கள். கேட்டவர்கள் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும். அவர்களும் நல்ல மதிப்பீடே கொடுத்தார்கள்.

இதைக் காட்டி, மாணவர் கருத்தே வேண்டாம் என்பவர்களை நான் ஏற்கமாட்டேன். இதயத் துடிப்பைக் கேட்கும் திறன் வந்துவிட்டதா என்று தெரிய தேர்வு இருக்கிறது. துறைத் தலைவர் நோயாளியின் முன் மாணவியை அவமானப்படுத்தினாரா என்பதை அவள் மட்டுமே சொல்ல முடியும். அதைச் சொல்ல அவளுக்குப் பயமில்லாதிருக்க வேண்டும். படிவத்தில் பெயரோ பதிவெண்ணோ கூடாது. அகமதிப்பீட்டு மதிப்பெண் போடும் ஆசிரியரே அதை வாங்கி அடுக்கவும் கூடாது.

பிறகு மாணவர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்துப் பேச வேண்டும். களைப்பைச் சொல்லும் நான்காவது வாக்கியத்துக்கு முன்னால், மூன்றாவதாக, மன அழுத்தத்தில் இருப்பவருக்கு இங்கே நல்ல ஆதரவு கிடைக்கிறது என்ற வாக்கியம் இருக்கிறது. இரண்டும் 2க்குக் கீழே விழுந்திருந்தால், எந்த வார்டில், எந்த மாதத்தில், எத்தனை இரவுகள் என்று அவர்களிடமே கேட்டுப் பணிப்பட்டியலைக் கையில் எடுக்கலாம்.