மேய்க்கால் நிலம் யாருடைய சொத்து?

நிலம் தனியாரிடம் இருக்க வேண்டுமா, பொதுவில் இருக்க வேண்டுமா என்ற வாதம் பெரும்பாலும் கொள்கை அளவிலேயே நின்றுவிடுகிறது. சமுதாயத்தின் பொருள் வளங்களைப் பொதுநலனுக்கு ஏற்பப் பங்கிடச் சொல்லும் அரசமைப்புச் சட்டத்தின் 39(பி) பிரிவுக்குள் தனியார் சொத்துகள் அனைத்தும் அடங்கிவிடமாட்டா என்று, 2024 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. அரசு நம் சொத்தை எடுத்துக்கொள்ளுமா என்ற அச்சத்திற்கு அது ஓரளவு விடை. ஆனால், உரிமையியல் வழக்குகளை நடத்துபவன் என்ற முறையில் நான் அன்றாடம் காண்பது எதிர்த்திசையில் நடக்கும் இழப்பை. ஊருக்குப் பொதுவான நிலம், எந்த விவாதமும் இல்லாமல் தனியார் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்), மந்தைவெளி, களம், வண்டிப்பாதை, ஓடை, ஏரி உள்வாய் என்று ஒவ்வொரு பயன்பாட்டிற்கும் நம் முன்னோர் ஒதுக்கிய நிலங்கள் வருவாய்க் கணக்கில் புறம்போக்கு என்ற ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. தீர்வை இல்லை, பட்டாதாரர் இல்லை. பெயர் இல்லாத நிலத்திற்கு உரிமையாளரும் இல்லை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்.

கட்சிக்காரர்கள் கொண்டுவரும் ஆவணக் கட்டில் நான் அடிக்கடி பார்ப்பது பி மெமோ ரசீதுகள். தந்தை காலத்திலிருந்து பணம் கட்டி வருகிறோம், ஆகவே நிலம் எங்களுடையது என்பார்கள். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ், அனுமதியின்றி அரசு நிலத்தை அனுபவிப்பதற்காக விதிக்கப்படும் தொகைக்கான ரசீது அது. உரிமைக்குச் சான்று என்று அவர்கள் பத்திரமாகப் பாதுகாத்து வைத்திருக்கும் அந்தத் தாள், அவர்கள் ஆக்கிரமிப்பாளர் என்பதற்கே சான்றாகிறது. பிறர் நிலத்தை நெடுங்காலம் வெளிப்படையாகத் தன்னுடையதாக அனுபவித்து உரிமை கோருவதே எதிரிடை அனுபவம்; தனியாருக்கு எதிராக அதற்கு 12 ஆண்டுகள் போதுமென்றாலும், அரசுக்கு எதிராக 30 ஆண்டுகள் வேண்டும். நீர்நிலைகளைப் பொறுத்தவரை அந்த வாதத்தையும் நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை.

இடம் வாங்குவோர் வில்லங்கச் சான்றை மட்டும் நம்பக் கூடாது. பதிவான பரிமாற்றங்களை மட்டுமே அது காட்டும். நிலத்தின் வகைப்பாட்டைக் காட்டாது. ஒவ்வொரு புல எண்ணின் வகையையும் பரப்பையும் காட்டும் கிராம ‘அ’ பதிவேட்டில் அந்தப் புல எண் ரயத்துவாரி (பட்டா நிலம்) என்று இருக்கிறதா, அரசு என்று இருக்கிறதா, குறிப்புக் கலத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். பழைய புல எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது, ஏனெனில் மறுஅளவையின்போது ஓடையின் ஒரு பகுதி பக்கத்துப் பட்டாவில் சேர்ந்துவிட்ட நிலங்களும் உண்டு.

பஞ்சாபின் பாட்டியாலா மாவட்டத்தில், ரோஹர் ஜாகிர் கிராமத்தின் குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்களிடம் நிலத்தின் விலையை வாங்கிக்கொண்டு அதை வரன்முறைப்படுத்த அதிகாரிகள் முன்வந்தனர். ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று அதை மறுத்த உச்ச நீதிமன்றம், பொது நிலங்களை மீட்டு கிராமங்களிடமே ஒப்படைக்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அரசு குத்தகைக்கு அளித்த இடங்களும், பள்ளி, மருந்தகம் போன்றவை ஏற்கெனவே அமைந்த இடங்களும் மட்டுமே விதிவிலக்கு. அந்த விதிவிலக்கு முக்கியமானது. பெரும் பண்ணைக்காரர் வளைத்துப் போட்ட மேய்க்காலையும், போக்கிடமில்லாதவரின் குடிசையையும் ஒரே நோட்டீஸில் அடக்குவது நீதியாகாது. குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட கிராம நத்தத்தில் வீடு கட்டி வாழ்பவரை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: அரசுடைமையும் பொது உடைமையும் ஒன்றல்ல. மேய்க்காலை வகைப்பாடு மாற்றி அலுவலகம் கட்ட அரசாணை வெளியிடும்போது, ஆடு மாடு வைத்திருப்பவருக்கு அது தனியார் வேலி போட்டதற்கு நிகரான இழப்புதான். பொது நிலத்தைப் பயன்படுத்துவோரே விதி வகுத்து அதை நெடுங்காலம் காக்க முடியும் என்பதை ஆய்வுகளால் நிறுவியதற்காகவே அமெரிக்க ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளாதார நோபல் பெற்றார். ஊர்மக்களே கூடி நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்து நடந்த ஊர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

உங்கள் ஊரின் புறம்போக்குப் புல எண்களையும் பரப்பையும் ‘அ’ பதிவேட்டிலிருந்து எடுத்துப் பட்டியலிடுங்கள். நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்பட நகலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைகளை நடந்து பாருங்கள். ஆக்கிரமிப்பு தெரிந்தால் வட்டாட்சியருக்கு எழுத்துமூலம் மனு கொடுத்து ஒப்புகை பெறுங்கள். வகைப்பாடு மாற்றக் கோப்பு நகர்கிறது என்று கேள்விப்பட்டால், அடுத்த கிராம சபையிலேயே ஆட்சேபத்தைத் தீர்மானமாகப் பதிவு செய்து, அதன் நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். பின்னாளில் வழக்கு தொடர நேர்ந்தால், அந்தத் தீர்மானமும் ஒப்புகையும்தான் எங்களுக்கு முதல் ஆவணங்கள்.