மாடிக்கு இரண்டு நலத் தோழர்கள்: வளாகத்தில் மாணவர்களைப் பயிற்றுவிப்பது எப்படி

விடுதியில் ஒரு மாணவனுக்கு உடம்போ மனமோ சரியில்லை என்றால் முதலில் தெரிவது அறைத் தோழனுக்கு. வீட்டுக்கு மூன்றாம் நாள் தெரியும். வளாகச் சுகாதார மையத்துக்குத் தெரியாமலே போய்விடுவதும் உண்டு. சக மாணவர் நலத் தலைவர், சுருக்கமாக நலத் தோழர், என்ற ஏற்பாடு அந்த முதல் ஆளைத் தயார்படுத்துவதற்கானது.

மலேசியாவுக்கு இது புதிய யோசனை இல்லை. சுகாதார அமைச்சு எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக 1996-இல் தொடங்கிய புரோஸ்டார் திட்டமே இளையோரைக் கொண்டு இளையோரிடம் பேசியதுதான். இடைநிலைப் பள்ளிகளில் பி.ஆர்.எஸ்., அதாவது சக மாணவர் வழிகாட்டி, பேட்ஜ் குத்திய மாணவர்களைப் பார்க்காதவர் குறைவு. அப்படியிருந்தும் கோலாலம்பூர், பினாங்கு வளாகங்களில் இம்முயற்சி பெரும்பாலும் ஒரு நாள் பட்டறை, ஒரு டி-சட்டை, ஒரு குழுப்படம் என்று முடிந்துவிடுகிறது. பயிற்சியில் நோய்களைப் பற்றி நிறையச் சொல்கிறோம். தோழரின் வேலை எங்கே முடிகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. திட்டம் பெரும்பாலும் கெடுவது அங்கேதான்.

வேலை மூன்றே: கவனிப்பது, காதுகொடுத்துக் கேட்பது, உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் பார், கேள், இணை என்று இந்த மூன்றைத்தான் வைக்கிறது. நோயைக் கண்டறிவதும் மருந்து சொல்வதும் இதில் வராது. மருத்துவத் துறை மாணவர்களுக்கு இந்தக் கோட்டை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டுப் பாடத்தை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க அவர்களுக்குத்தான் அதிகம் கை துறுதுறுக்கும்.

யாரைச் சேர்ப்பது

பல மாணவர் கழகங்களில் செயற்குழு உறுப்பினர்களே இதற்கும் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். தீபாவளி விருந்து, பொங்கல் விழா, ஸ்பான்சர் கடிதம் என்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவருக்கு இரவு பதினொன்றுக்குக் கதவைத் தட்டுகிறவரிடம் பேச நேரம் இருக்காது. மேடையில் நன்றாகப் பேசுகிறவர் அறையில் நன்றாகக் கேட்பார் என்றும் சொல்ல முடியாது.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மாடியில் உள்ள எல்லாருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். “மனசு சரியில்லைன்னா இந்த மாடியில யார்கிட்ட பேசுவீங்க? ரெண்டு பேர எழுதுங்க.” கையெழுத்துப் போட வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் பெயர்களை மட்டும் அழைத்துப் பேசுங்கள். எந்தப் பொறுப்பிலும் இல்லாத, சத்தமில்லாத ஆட்கள்தான் அதில் அதிகம் இருப்பார்கள்.

25 முதல் 30 பேர் உள்ள மாடிக்கு இரண்டு தோழர்கள் வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் தேர்வு வாரத்தில் அவரே சாய்ந்துவிடுவார். முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களாகப் பார்த்து எடுங்கள். இறுதி ஆண்டில் தொழிற்பயிற்சிக்கு வெளியே போய்விடுவார்கள். அண்மையில் தாமே பெரிய இழப்பிலோ நெருக்கடியிலோ இருப்பவரை ஒரு செமஸ்டர் கழித்து வரச் சொல்வது அவருக்கும் நல்லது. தமிழ் மாணவர்கள் உள்ள மாடியில் தமிழ் பேசுகிற தோழர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அசைன்மென்ட் பிரச்சினையை மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லிவிடலாம். அப்பாவின் குடியைப் பற்றி அப்படிச் சொல்ல வராது.

ஆறு சனிக்கிழமைகள்

பொதுப் பல்கலைக்கழக செமஸ்டரில் பாட வாரங்கள் 14. மூன்றாம் வாரத்திலிருந்து செமஸ்டர் நடுவிடுமுறையைத் தவிர்த்து ஆறு சனிக்கிழமைக் காலைகள், தலா மூன்று மணி நேரம், ஆக 18 மணி நேரம் போதும். இதையே இரண்டு முழு நாளில் அடைத்தால் மதிய உணவுக்குப் பிறகு யாருக்கும் எதுவும் ஏறாது. கற்றதை வாரத்தில் ஒருமுறை செய்துபார்த்து, தடுமாறி, அடுத்த சனிக்கிழமை வந்து கேட்கும் இடைவெளியும் கிடைக்காது.

ஒரு தொகுதிக்கு 20 முதல் 24 பேர். பயிற்றுநர் இருவர்: 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவர், சுகாதார மையத்தின் தாதியோ மருத்துவரோ ஒருவர். எந்த அமர்விலும் சிலைடு 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

மீதி நேரம் மூவர் மூவராக உட்கார்ந்து பழகுவதற்கு. ஒருவர் பேசுவார், ஒருவர் கேட்பார், ஒருவர் கவனிப்பார். ஏழு நிமிடம் பேச்சு, மூன்று நிமிடம் கருத்து, பிறகு இடம் மாற்றம்; அரைமணியில் மூன்று சுற்றும் முடிந்துவிடும். கவனிப்பவர் மூன்றை மட்டும் குறிக்க வேண்டும்: எத்தனை முறை குறுக்கே பேசினார், முதல் அறிவுரை எத்தனையாவது நிமிடத்தில் வந்தது, ஆமாம் இல்லை என்று முடிந்துபோகிற கேள்விகள் எத்தனை. முதல் சுற்றில் அறிவுரை பெரும்பாலும் முதல் நிமிடத்திலேயே வந்துவிடும். “எல்லாம் சரியாயிடும்”, “ஜிம்முக்குப் போ”, “கோயிலுக்குப் போயிட்டு வா”. இவற்றில் மிக மோசமானது, “வீட்ட நெனச்சுப் பாரு, உன்ன நம்பித்தான இருக்காங்க.” குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்தவன், பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் தலைமேல் இருப்பவன், வீட்டை நினைத்து நினைத்துத்தான் தூங்காமல் கிடக்கிறான். அதையே திருப்பிச் சொன்னால் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டான்.

அந்த இடத்தில் சொல்லப் பழக வேண்டியவை மிகச் சாதாரணமான கேள்விகள். “எப்ப இருந்து இப்படி இருக்கு?” “சாப்பாடு, தூக்கம் எல்லாம் எப்படி?” “இப்ப நான் என்ன செஞ்சா ஒனக்கு ஒத்தாசையா இருக்கும்?” கேட்டுவிட்டுப் பத்து நொடி வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் பயிற்சியிலேயே கடினமான பகுதி.

டாஸ்-21 போன்ற மனநலக் கேள்விப் படிவங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. தோழர்கள் அவற்றைக் கொடுத்து மதிப்பெண் போட்டுச் சொல்லக் கூடாது. எண்ணைப் பார்த்துப் பயந்துபோகிறவருக்கு அடுத்து என்ன என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது.

உயிரைப் பற்றிக் கேட்பது

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. நேராகக் கேட்பது பலருக்கு மூச்சுவிட்டது போல இருக்கும். சுற்றி வளைக்காமல், “உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?” என்று கேட்கப் பழக்குங்கள். “தப்பா ஏதும் யோசிக்கலதான?” என்பது கேள்வியே இல்லை. அதற்கு “இல்ல” என்றுதான் பதில் வரும்.

இரகசிய வாக்குறுதி இன்னொரு குழி. “சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வோம். பேச்சின் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டியது இது: “நீ சொல்றத வெளிய பேச மாட்டேன். ஆனா ஒன் உயிருக்கோ வேற யாரு உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் உதவி செய்யக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும். அதையும் ஒனக்குத் தெரிஞ்சுதான் செய்வேன்.” எல்லாரும் இதை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆக வேண்டும்.

ஆமாம் என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விடக் கூடாது. ஒருவர் உடனிருக்க, இரண்டாம் தோழர் விடுதி ஃபெலோவையோ வார்டனையோ அழைக்க வேண்டும். மாடிக்கு இருவர் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். உடனடி ஆபத்து தெரிந்தால் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு அல்லது 999. அந்த அளவுக்கு இல்லையென்றால் தொலைபேசியில் காதுகொடுத்துக் கேட்கும் தொண்டு அமைப்பான பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர், 03-7627 2929, இருபத்துநான்கு மணி நேரமும். சுகாதார அமைச்சின் ஹீல் மனநலத் தொலைபேசிச் சேவை, 15555. எண்ணை அனுப்பிவிட்டு “கால் பண்ணு” என்று விடுவதை இணைப்பு என்று கணக்கில் எடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழைப்பது, ஆலோசகர் அறை வாசல்வரை கூடவே நடப்பது, இரண்டு நாளுக்குள் “போனியா, எப்படி இருந்துச்சு?” என்று கேட்பது, இவை மூன்றும் சேர்ந்தால்தான் வேலை முடியும்.

போலீஸ் வழக்காகிவிடுமோ என்று மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. தோழர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

காய்ச்சல் விட்ட நாள்

உடல்நலத்தில் எதைக் கற்பிப்பது என்று கேட்டால், நம் ஊர் விடுதிகளுக்கு முதல் பாடம் டெங்கி. காரணம் எளிது: விடுதியில் நாள் கணக்கு வைக்க அம்மா இல்லை.

காய்ச்சல் தொடங்கிய தேதியை அறைக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். “விட்டுடுச்சு, சரியாயிட்டான்” என்று அறைத் தோழர்கள் வகுப்புக்குப் போய்விடும் அந்த நேரத்தில்தான் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து அதிர்ச்சி நிலை வரக்கூடும். காய்ச்சல் இறங்கியபின் இரண்டு நாள் ஆளை மாற்றி ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், எழுந்தால் தலைசுற்றல், அளவுக்கு மீறிய சோர்வு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாளை பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டும். பல்வலிக்கு வாங்கிய மாத்திரையை நல்ல மனதோடு கொடுத்துவிடும் நண்பர்களை இங்கே எச்சரிக்க வேண்டும். பப்பாளி இலைச் சாறு கொடுத்தோம் என்பது மருத்துவமனைக்குப் போகாமலிருக்கக் காரணமாகாது.

டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை, பத்து நிமிடம், தேங்கிய நீரைத் தேடிக் கொட்டுங்கள்: குளியலறை வாளி, குளிர்பெட்டியின் பின்தட்டு, பால்கனியில் மறந்துபோன கோப்பை.

இரத்த அழுத்த மேசை

நலக் கண்காட்சி என்றாலே இரத்த அழுத்தக் கருவியோடு ஒரு மேசை போட்டுவிடுகிறார்கள். அதில் வரும் எண்களில் பாதியை நம்ப முடியாது. மாடிப்படி ஏறி வந்த கையோடு, கால்மேல் கால் போட்டு, சிரித்துப் பேசிக்கொண்டே அளந்தால் எண் ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் படட்டும், கை இதய உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். முந்தைய அரைமணியில் காப்பி, சிகரெட் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டும் இருக்கக் கூடாது. கருவியோடு வரும் கைப்பட்டை பொதுவாக 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. தடித்த கையில் அதைச் சுற்றினால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். பெரிய பட்டை ஒன்றையும் வாங்கிவையுங்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை அளக்க வேண்டும்.

140/90-ஐத் தாண்டினால் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: “இன்னொரு நாள் கிளினிக்ல திரும்ப அளந்து பாத்துடுங்க.” “உங்களுக்கு பிரஷர் இருக்கு” என்று தோழர் சொல்லக் கூடாது. 180/110-ஐத் தாண்டி, ஐந்து நிமிடம் கழித்தும் அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பார்வை மங்கலோ சேர்ந்திருந்தால் 999.

விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதை மாணவர்களிடம் விடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஊசியைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தும் பெட்டி, ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி, தாதியின் மேற்பார்வை மூன்றும் இருந்தால் யோசிக்கலாம். ஊசிக்குப் பதில் அளவு நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் இடுப்பை அளக்க வேண்டும். நம் ஆசிய உடலுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நீரிழிவு அபாயத்துக்கான எல்லை. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் அது எல்லா இனத்தையும்விட அதிகம். இருபது வயதில் இதைத் தெரிந்துகொள்ளும் மாணவர் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அந்த நாடாவையும் எடுத்துப்போனால் நல்லது.

உணவைப் பற்றி நீண்ட உரை வேண்டாம். மாமாக் கடையில் “கூராங் மானிஸ்” (இனிப்பைக் குறை) என்று சொல்லப் பழகினாலே ஒரு தொடக்கம். கெட்டிப்பாலின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை.

மின்சிகரெட்டுக்குச் சட்டத்தைச் சொல்லி மிரட்டிப் பயனில்லை. விட நினைப்பவரை அரசாங்க கிளினிக்கின் புகைநிறுத்தச் சேவைக்கு அழைத்துப்போனால் போதும். பாலியல் நலத்தில் தோழர் மறக்கக் கூடாத எண் 72. எச்.ஐ.வி. தொற்று அபாயம் நேர்ந்தபின் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் அதற்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. யார், எப்படி என்ற விசாரணையில் போகிற ஒவ்வொரு மணி நேரமும் இதில் கழிகிறது.

பிறகு

பயிற்சி முடிந்ததும் தோழர்களை அப்படியே விட்டால் இரண்டு மாதத்தில் குழு கலைந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆலோசகருடன் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பெயர் சொல்லாமல் நடந்ததைப் பேசலாம். தாங்க முடியாததை இறக்கியும் வைக்கலாம். தேர்வுக் காலத்தில் எந்தத் தோழரும் “இந்த மாசம் என்னால முடியாது” என்று சொல்லி ஒதுங்கலாம், காரணம் கேட்கக் கூடாது.

பதிவேட்டில் தேதி, எந்த வகைப் பிரச்சினை, எங்கே அனுப்பினோம், போய்ச் சேர்ந்தாரா என்ற நான்கு கட்டம் மட்டும். பெயர், அறை எண், படிக்கும் துறை எதுவும் வேண்டாம். தோழர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் இதே விதி. “3ஆம் மாடியில அந்த ஈப்போ பொண்ணு” என்று எழுதினாலே பாதி விடுதிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். நிர்வாகம் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் கேட்கும். நான்காம் கட்டத்தின் எண்ணிக்கையைக் கொடுங்கள்.

புதியவர்களுக்கான துண்டுச் சீட்டை இரண்டாம் செமஸ்டரின் பத்தாம் வாரத்திலேயே விடுவது நல்லது. அதற்குப் பிறகு எல்லாரும் தேர்வில் மூழ்கிவிடுவார்கள். ஒப்படைப்பு நாளில் கருவி, இரண்டு கைப்பட்டை, நாடா, தொடர்பு எண்கள் உள்ள ஒரு தாள் ஆகியவற்றைக் கைமாற்ற வேண்டும். அந்தத் தாளில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் செமஸ்டரின் முதல் வாரத்தில் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். அலுவலக நீட்டிப்பு எண்கள் சொல்லாமல் மாறும். யாரும் எடுக்காத எண்ணை அன்றே அடித்துவிட்டுப் புதியதைக் கேட்டு எழுதுங்கள்.