தாளிசம்: சொல் விளக்கம்

தாளிசம் (பெயர்ச்சொல்): ஏபீஸ் பேரினத்து ஊசியிலை மரம், ஆங்கிலப் பெயர் ஃபிர்.

‘தாலீச பத்ர’ என்ற வடசொல் சித்த மருந்துச் சரக்குகளில் தாளிசபத்திரி என வழங்குகிறது. தாளிசாதி சூரணத்தின் தலைச்சரக்கு இதுவே. பத்திரி என்றால் இலை. ஆகவே இலையைத் தாளிசபத்திரி என்றும் மரத்தைத் தாளிசம் என்றும் சொல்வதே முறை. ஏபீஸ் என்பது இம்மரத்தின் பழைய லத்தீன் பெயர். 1754இல் ஆங்கிலத் தாவரவியலாளர் பிலிப் மில்லர் அதைப் பேரினப் பெயராக்கினார்.

மொழிபெயர்ப்புகளில் ஃபிர் மரத்தைத் தேவதாரு என்று எழுதுவது பிழை. தேவதாரு சீட்ரஸ் பேரினம். அதன் ஊசிகள் குறுங்கிளைகளில் கொத்தாக நிற்கும். தாளிச ஊசிகள் தனித்தனியாக முளைப்பவை. பிய்த்தால் கிளையில் வட்டமான, மட்டமான தழும்பு தெரியும்.

இமயத்தில் இருவகைத் தாளிசங்கள் அடிக்கடி குழப்பப்படுகின்றன. ஏபீஸ் பின்ட்ரோவை மேலை இமயத் தாளிசம் என்றும், ஏபீஸ் ஸ்பெக்டாபிலிஸைக் கீழை இமயத் தாளிசம் என்றும் சொல்லலாம். மருந்து நூல்களில் காணும் ஏபீஸ் வெப்பியானா, பின்னதன் பழைய பெயர்.

திசைப்பெயரை மட்டும் நம்பக் கூடாது. மேற்கு இமயத்தில் இரண்டும் உண்டு: பின்ட்ரோ தாழ்வாக, சுமார் 2,400 முதல் 3,300 மீட்டர் வரை, ஸ்பெக்டாபிலிஸ் அதற்கு மேலே, 4,000 மீட்டர் வரை. இடைப்பட்ட உயரத்தில் இளங்கிளையைக் கைலென்சில் பார்க்க வேண்டும். பின்ட்ரோவின் கிளை வழவழப்பாக, மயிரின்றிச் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஸ்பெக்டாபிலிஸின் கிளை செம்பழுப்பு. அதில் ஓடும் பள்ளங்களில் நுண்மயிர் இருக்கும். ஊசி நீளமும் உதவும்: பின்ட்ரோவில் 9 செ.மீ. வரை போகும், மற்றதில் பெரும்பாலும் 2 முதல் 5 செ.மீ., அடிப்புறத்தில் பளிச்சென்ற இரு வெண்பட்டைகள். ஆனால் வெயில்படும் உச்சிக் கிளைகளில் பின்ட்ரோவின் ஊசியும் குட்டையாகும். காற்றில் முறிந்து விழுந்த உச்சிக் கிளையை வைத்துப் பெயர் சொன்னால் தவறிப்போகும். தரையில் முழுக் கூம்பைத் தேடுவதும் வீண். தாளிசக் கூம்புகள் கிளைமேல் நிமிர்ந்து நின்று, முற்றியதும் மரத்திலேயே செதில் செதிலாக உதிரும்.

சரக்கில் கவனிக்க வேண்டியது வேறு. தாளிசபத்திரி என்ற பெயரிலேயே, ஆங்கிலத்தில் யூ எனப்படும் டாக்ஸஸ் மரத்தின் இலையும் விற்கப்படுகிறது. அதிலுள்ள டாக்சைன் (taxine) என்ற ஆல்கலாய்டு இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. தாளிச ஊசியின் நுனி சற்றே பிளந்திருக்கும். குறுக்கே வெட்டினால் இரு பிசின் குழல்கள் தெரியும். டாக்ஸஸ் இலை கூர்நுனி உடையது. அடிப்புறம் வெளிர்பச்சை, பிசின் குழல் இராது.