பழைய கிற்றாருக்குப் பெயின்ற் அடிக்க முன்னர்

போன மாரிக்கு முன்னர் விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு ஐயா தன் பேரனோடு கிளிநொச்சியில் உள்ள, கிற்றார் திருத்தும் என் கடைக்கு வந்தார். உரப்பைக்குள் ஒரு எலெக்ட்ரிக் கிற்றார். 2009 தொடக்கத்தில் இடம்பெயர்ந்தபோது தறப்பாளில் சுற்றி வளவுக்குள் புதைத்துவிட்டுப் போனாராம். மீள்குடியேறி வந்த பிறகுதான் கிண்டி எடுத்தார். கம்பிகள் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன, பின்பக்க வார்னிஷ் செதில் செதிலாக உரிந்திருந்தது.

"அண்ணா, எல்லாத்தையும் சுரண்டிப்போட்டுக் கறுப்பு அடிச்சுத் தாங்கோ. பிக்கப்பும் புதுசாப் போடுங்கோ" என்றான் பேரன். பிக்கப் என்றால் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்.

கொஞ்சம் பொறு தம்பி என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையைக் கேட்டு இன்னும் பலர் வருகிறார்கள்.

எலெக்ட்ரிக் கிற்றாருக்கு இன்னும் முழுதாக நூறு வயதாகவில்லை. பொரிக்கும் சட்டி போல வட்ட உடலோடு ரிக்கன்பேக்கர் பெயரில் அறியப்படும் கிற்றார் 1932இல் விற்பனைக்கு வந்தது. 1950இல் லியோ பெண்டர், உள்ளே கூடு இல்லாத முழுப் பலகையில் ஒன்றைச் செய்தார். அடுத்த ஆண்டு அதற்கு டெலிகாஸ்டர் என்ற பெயர் வந்தது. பெண்டர் கலிபோர்னியாவில் றேடியோ திருத்தியவர், கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். கழுத்தை உடலோடு ஒட்டாமல் நாலு திருகாணியால் பூட்டினார். கழுத்து பழுதானால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம். திருத்தும் வேலை தெரிந்தவனுக்குத்தான் அந்த யோசனை வரும். அந்தக் கிற்றாரைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை கூடுகிறது.

எந்தக் கிற்றார் சரித்திரத்தில் நிற்கும் என்று அது செய்யப்பட்ட நாளில் எவருக்கும் தெரியாது. கிப்சன் நிறுவனம் 1958 முதல் 1960 வரை செய்த சன்பேர்ஸ்ட் நிற (நடு வெளிறி, ஓரம் கருமையான) லெஸ் போல் என்ற கிற்றார் அப்போது சரியாக விற்கவில்லை. வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். 1960களின் நடுவில் இங்கிலாந்துக் கிற்றார் கலைஞர் எரிக் கிளப்டன் போன்றவர்கள் அதை எடுத்து வாசித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று அவை ஏலத்தில் பல இலட்சம் டொலருக்குப் போகின்றன.

சரி, விசுவமடுக் கிற்றாருக்கு வருகிறேன். முன் தட்டைக் கழற்றிப் பார்த்தேன். உடல் எங்கள் ஊர்ப் பலாப்பலகை. கழுத்தும் பிக்கப்பும் யப்பான் கிற்றார் ஒன்றிலிருந்து வந்தவை. 1970களில் இறக்குமதிக்கு இறுக்கமான கட்டுப்பாடு இருந்ததால், உடைந்த கிற்றாரின் மிச்சத்துக்கு ஒரு தச்சரைக் கொண்டு உடல் செய்வித்ததாக ஐயா சொன்னார். உடலில் பிக்கப்புக்குக் குடைந்த குழிக்குள் அந்தத் தச்சர் பென்சிலால் போட்ட அளவுக்கோடு இன்னும் அழியாமல் இருந்தது. போர் நடந்த 90களில் பற்றரிக்கே தடை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம். அப்போதும் இது கோயில் திருவிழா மேடைகளில் மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றரோடு முழங்கியிருக்கிறது. மின்சாரம் இல்லாத ஊரில் மின்கிற்றார் வாசித்தவர்களின் கதை எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது? இந்தப் பலகையில் இருக்கிறது. சுரண்டினால் அதுவும் போய்விடும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். தொழில் தொடங்கிய காலத்தில், கப்பலில் வேலை செய்த ஒருவர் கொண்டுவந்த அமெரிக்கக் கிற்றாரைச் சொன்னபடியே சுரண்டிப் புதிதாகப் பெயின்ற் அடித்தேன். வொலியூம் குமிழுக்குக் கீழிருந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பொட் எல்லாவற்றையும் மாற்றினேன். பழையதைக் குப்பையில் போட்டேன். பல மாதம் கழித்து, தப்பிக்கிடந்த ஒரு பொட்டின் முதுகில் 1376632 என்ற இலக்கத்தைக் கண்டேன். 137 என்றால் பொட் செய்த சிரிஎஸ் (CTS) நிறுவனம், 66 என்றால் 1966, 32 என்றால் அந்த ஆண்டின் 32ஆவது கிழமை. கிற்றார் அதற்கு முன்னர் செய்யப்பட்டிருக்காது என்று மட்டும்தான் அது சொல்லும். ஆனால் மற்றப் பொட்டுகளும் கைபடாத ஈயப்பற்றும் பழைய பெயின்ரும் இருந்திருந்தால் வயதை உறுதியாகச் சொல்லியிருக்கலாம். மூலப் பெயின்ற் போன பழைய அமெரிக்கக் கிற்றாரின் விலை பாதியளவுக்கு இறங்கும் என்பது வாங்கி விற்பவர்கள் சொல்லும் கணக்கு. உரிமையாளரிடம் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிதாக எடுக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் பிங்க் புளொயிட் இசைக்குழுவின் டேவிட் கில்மர் 1970இல் நியூயோர்க்கில் வாங்கிய, பெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றார், சன்பேர்ஸ்ட் நிறத்துக்கு மேல் கறுப்பு அடித்தது. பிறகு கழுத்தே பல தடவை மாறியது. 2019இல் அது 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. எது எப்போது மாறியது என்ற பதிவு அதனோடு இருந்தது. ஆகவே மாற்றத்தான் வேண்டுமென்றால் முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், உள்பக்கத்தையும் சேர்த்து. கழற்றிய ஆணி முதற்கொண்டு ஒரு டப்பாவில் போட்டுக் கிற்றாரோடு வையுங்கள்.

பிக்கப் சத்தம் தராவிட்டால் அது செத்துவிட்டது என்று எறியாதீர்கள். காந்தத்தைச் சுற்றி மயிரை விட மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்று இருக்கும். ஈரத்தில் ஒரு இடம் அரித்து அறுந்தாலும் முழுவதும் ஊமையாகிவிடும். அதே காந்தத்தில் திரும்பச் சுற்றலாம்.

தகரக் கூரைக்குக் கீழே, சுவரில் கொழுவி வைக்காதீர்கள். பங்குனி, சித்திரை வெயிலில் கழுத்து வளையும். மாரியில் பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பருத்தித் துணி போதும். அப்புறம் முக்கியமான ஒன்று: கனடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் அம்பிளிபயர்கள் பெரும்பாலும் 120 வோல்டுக்குச் செய்தவை. எங்கள் 230 வோல்டில் நேரே செருகிக் கருகியவை என் கடையில் அடுக்காகக் கிடக்கின்றன. பின்பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

விசுவமடுக் கிற்றாரில் பெயின்ரைத் தொடவில்லை. உரிந்த இடம் மேலும் உரியாமல் பிடித்துவைத்தேன். ஒரு பிக்கப்பைத் திரும்பச் சுற்றினேன், புதுக் கம்பி போட்டேன். பேரன் வாசிக்கிறான். எங்கே, எந்த மாதம் புதைத்தது, இசைக்குழுவில் யார் யார் இருந்தது என்று ஐயாவைக் கொண்டே ஒரு தாளில் எழுதுவித்துப் பெட்டிக்குள் வைத்தோம். தச்சரின் பெயர் மட்டும் அவருக்கு நினைவு வரவில்லை. ஊரில் கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் பழைய இசைக்குழுக் கிற்றார் கிடந்தால், துடைக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள். திறந்து பார்த்துப் படம் எடுத்துக் குறிப்பு எழுதித் தருவதற்கு நான் காசு வாங்குவதில்லை.