கப்பலில் கூட்டமாகப் போகும் முன் கரையிலேயே கேட்டுவிட வேண்டியவை

சென்ற ஆண்டு கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பயண ஏற்பாடு செய்து தரும் எங்கள் திருச்சி அலுவலகத்துக்கு வந்தது. அப்பாவுக்கு மணிவிழா. மண்டபம், சாப்பாடு என்று ஒரே நாளில் செலவழிப்பதைக் குறைத்துக்கொண்டு எல்லோரும் கப்பலில் போய் வரலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்திருந்தார்கள். மொத்தம் 23 பேர். மூத்தவர் அப்பாவின் அம்மா, வயது 84. கடைக்குட்டிக்கு ஒன்பது மாதம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு, நான்கு இரவுகளில் சிங்கப்பூருக்கே திரும்பும் பயணம்.

"எங்களுக்கு எந்த டென்ஷனும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார் மூத்த மகன்.

இதைச் சொல்லாமல் யாரும் அட்வான்ஸ் கட்டுவதில்லை. இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்தவரை கூட்டமாகக் கப்பலில் போகிறவர்களுக்குக் கடலால் வந்த தொந்தரவு மிகக் குறைவு. கரையில் கேட்கத் தயங்கி விட்டுவிட்ட கேள்விகளால் வந்ததுதான் அதிகம்.

கப்பல் ஏன் இவ்வளவு பேரை இழுக்கிறது என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. இருபது பேர் பஸ்ஸில் சுற்றுலா போனால் காலை ஆறு மணிக்கு எல்லோரும் குளித்துக் கிளம்பியாக வேண்டும். தினம் ஒரு ஹோட்டல், தினம் பெட்டி கட்டுவது. தாத்தாவுக்கு முடியவில்லை என்றால் அனைவரும் காத்திருக்க வேண்டும், குழந்தை அழுதால் அனைவருக்கும் தூக்கம் போகும். கப்பலில் பெட்டியை ஒரே ஒரு தடவை பிரித்து வைத்தால் போதும். பெரியவர்கள் மேல்தளத்தில் காற்று வாங்கலாம், பிள்ளைகள் நீச்சல் குளத்தில் கிடக்கலாம், தூங்க நினைப்பவர் தூங்கலாம். ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே மேசையில் கூடிவிடலாம். பகலில் பிரிந்திருந்து இரவில் சேர்ந்திருக்கும் இந்த வசதி கூட்டுக்குடும்பத்துக்கு வேறு எந்தப் பயணத்திலும் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. பெண்கள் என்னிடம் சொல்வது இன்னும் எளிமையானது: "நாலு நாள் அடுப்பு பக்கமே போகல." அந்தக் காரணம் ஒன்றே போதும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் புறப்பட ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போனது. அதிலிருந்துதான் நம் ஊர்க்காரர்களிடம் ஆர்வம் பரவியது. ஆனால் சென்னைப் பயணம் பருவத்தைப் பொறுத்தது, எல்லா மாதமும் இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் சின்னங்கள் வரும் காலம் என்பதும் நமக்குத் தெரிந்ததே. முதல் முறை கப்பல் ஏறும் பெரியவர்கள் இருந்தால் நான் சிங்கப்பூரைச் சொல்வேன். மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய் தீபகற்பம். இரண்டும் அணைகட்டி நிற்பதால் அலை அடங்கியே இருக்கும்.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன்.

முதலில் பெயர். அதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறீர்கள் என்று கேட்பார்கள். நம் ஊரில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை, இனிஷியல்தான். ஆதாரில் "கே. முருகேசன்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் "முருகேசன்" மட்டும் இருக்கும், குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். விமான டிக்கெட்டில் கடைசிப் பெயர் இல்லாமல் பதிவு நகராது என்று யாராவது "முருகேசன் முருகேசன்" என்று அடித்துவிடுவார்கள். கப்பல் பதிவில் அப்பா பெயரைச் சேர்த்திருப்பார்கள். விசா வேறு மாதிரி வந்திருக்கும். ஒரே மனிதருக்கு நான்கு இடத்தில் நான்கு பெயர். துபாயில் ஏறும் கப்பல் என்றால் இன்னும் கவனம் தேவை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கம் அதன் பிறகுதான் வந்தது. இடையில் மாட்டிக்கொண்டவர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் அட்வான்ஸ் வாங்கும் முன் எல்லோருடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் என் கைக்கு வர வேண்டும் என்று கேட்கிறேன். திரும்பி வரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். அந்த 23 பேரில் இரண்டு பேருக்கு ஐந்து மாதம்தான் இருந்தது. முன்கூட்டியே பார்த்ததால் புதுப்பித்துக்கொள்ள நேரம் கிடைத்தது.

விசாவில் பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வெளியே போய்த் திரும்பி வருவது இரண்டாவது நுழைவாகக் கணக்காகும். விசா அதற்கும் இடம் தர வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுமே இணையத்தில் வருகை அட்டை நிரப்பச் சொல்கின்றன. விதிகள் அடிக்கடி மாறும் என்பதால் போன வருடம் போய் வந்த சொந்தக்காரர் சொன்னதை நம்பிவிட வேண்டாம்.

அடுத்தது உடம்பு. இங்கேதான் குடும்பங்கள் தயங்குகின்றன, சில சமயம் மறைக்கவும் செய்கின்றன. "பாட்டி நல்லா நடப்பாங்க சார்" என்றார்கள். நான் பாட்டியிடமே போனில் பேசினேன். "வீட்டுக்குள்ள நடப்பேன்ப்பா, படி ஏறுனா முட்டி விட்டுடும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தால் திட்டமே மாறியது. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல நேரம் பத்தோங் கடற்கரைக்கு எதிரே கடலிலேயே நங்கூரமிடும். அங்கிருந்து சின்னப் படகில் இறங்கிக் கரைக்குப் போக வேண்டும். படகு ஆடும், படியும் ஆடும், சக்கர நாற்காலியை இறக்குவது பல சமயம் முடியாது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தப் பக்கக் கடல் கொந்தளித்தால் படகையே நிறுத்திவிடுவார்கள். பினாங்கு அப்படியில்லை. ஜார்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும், நாற்காலியோடு நேராக இறங்கலாம். ஆகவே புக்கெட்டில் பாட்டி கப்பலிலேயே ஓய்வெடுப்பது, யார் துணைக்கு இருப்பது, பினாங்கில் அவரை எங்கே அழைத்துப் போவது என்று மூன்று மாதம் முன்பே பேசி முடித்தோம். சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவுள்ள கேபின்கள் ஒரு கப்பலில் கொஞ்சம்தான் இருக்கும். கடைசி மாதத்தில் கேட்டால் கிடைக்காது.

கர்ப்பிணிகள் பயண முடிவில் 24 வாரத்தைத் தொட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையையும் ஏற்றமாட்டார்கள். இதய நோய், டயாலிசிஸ் இருந்தால் தயவுசெய்து முதல் நாளே சொல்லிவிடுங்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் பெரிய ஆஸ்பத்திரி இருக்காது. அவசரம் என்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிச் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். அந்தச் செலவு வெளிநாட்டுச் செலவு. மருத்துவக் காப்பீட்டில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் செலவும் முன்பே உள்ள நோய்களும் சேருமா என்று பாலிசியை வாசித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பணம். கப்பலில் கட்டணம் தலைக்கு என்று விளம்பரத்தில் இருக்கும். உண்மையில் அது ஒரு கேபினில் இருவர் தங்குவதாக வைத்துப் போட்ட கணக்கு. மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறையும், தனியாகத் தங்குபவருக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கடைசி நேரத்தில் ஒரு சித்தப்பா வரவில்லை என்றால் அவர் பங்கு மட்டும் போவதில்லை, அவரோடு கேபின் பகிர்ந்தவரின் கட்டணமும் ஏறும். அந்த வித்தியாசத்தை யார் தருவது? இதை முன்பே பேசாததால் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். போய் வந்து இரண்டு வருடம் ஆகியும் பேசவில்லை. இப்போது எந்தக் கூட்டம் வந்தாலும் எல்லோரையும் ஒருநாள் உட்கார வைத்து, எந்தத் தேதிக்குப் பிறகு விலகினால் எவ்வளவு போகும், யார் தாங்குவது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். சொந்தத்துக்குள் கையெழுத்தா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் விட்டுக்கொடுப்பதில்லை.

துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்கான அன்றாட டிப்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் விளம்பர விலைக்கு மேல் வரலாம். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு மூலத்திலேயே பிடிக்கும் வரியும் உண்டு. அதைப் பிறகு வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டலாம் என்பதால் யார் பான் எண்ணில் பணம் கட்டுகிறோம் என்பதை யோசித்துச் செய்யுங்கள். கப்பலுக்குள் கையில் காசு புழங்காது, அறை அட்டையில்தான் எல்லாம் எழுதப்படும். ஏறிய உடனே வரவேற்பில் சொல்லிப் பிள்ளைகளின் அட்டையில் செலவை நிறுத்திவிடலாம்.

விமானம் கட்டாயம் ஒரு நாள் முன்னால். இதை நான் கஷ்டப்பட்டுக் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் செலவு மிச்சம் என்று ஒரு குழுவுக்குக் கப்பல் கிளம்பும் நாளன்று காலை விமானத்தில் டிக்கெட் போட்டேன். விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். 11 பேர் சிங்கப்பூரின் மெரினா பே கப்பல் முனையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதிவு முடிந்துவிட்டது. அவர்கள் கண்ணெதிரே கப்பல் நகர்ந்தது. அன்று அவர்களிடம் போனில் பேசியதை நினைத்தால் இன்னும் கூசுகிறது. அதற்குப் பிறகு ஒருவருக்கும் அப்படி டிக்கெட் போட்டதில்லை.

கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது என்பது நடுவழித் துறைமுகங்களிலும் அப்படித்தான். 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் எட்டுப் பயணிகளைக் கரையில் விட்டுவிட்டு ஒரு கப்பல் கிளம்பிய செய்தி உலகமெல்லாம் வந்தது. நம் பயணத்தில் இன்னொரு சிக்கல், தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கைபேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கப்பல் நேரம் மாறாமல் இருக்கலாம். கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டி, கப்பல் நேரத்திலேயே வைத்திருங்கள். கைபேசியை ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த நெட்வொர்க்கில் அது ஒட்டிக்கொண்டால் ரோமிங் பில் தாங்காது.

மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும். முனையத்தில் கொடுத்த பெட்டி கேபின் வாசலுக்கு வரச் சில மணி நேரம் ஆகும். கோடீன் கலந்த இருமல் மருந்து, சில தூக்க மாத்திரைகளுக்குச் சிங்கப்பூரில் முன் அனுமதி தேவைப்படலாம், டாக்டர் சீட்டும் வேண்டும். தலைசுற்றல் பயம் இருப்பவர்களுக்குக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் கேளுங்கள், ஆட்டம் அங்கே குறைவு. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பலில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸுக்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாது.

அப்புறம் பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எங்கே போய்க் கூட வேண்டும் என்று காட்டுவார்கள். நம்மவர்கள் அந்த நேரத்தில் பஃபேயில் இருப்பார்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறியவர்களுக்குப் பயிற்சி மறுநாள்தான் நடக்க இருந்தது. அந்த விபத்துக்குப் பிறகுதான், கப்பல் கிளம்பும் முன்னரோ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி மாறி 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. கூட்டத்தில் ஒவ்வொரு பெரியவருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

மணிவிழாக் குடும்பம் பினாங்கில் இறங்கிய அன்று நானும் கூடப் போயிருந்தேன். பாட்டியின் அப்பா அந்தக் காலத்தில் ராஜுலா என்ற பயணிகள் கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கு வந்து கடை வேலை பார்த்தவர். சின்ன வயதில் துறைமுகத்தில் நின்று அவருக்குக் கையசைத்தது பாட்டிக்கு நினைவிருந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கால் மணி நேரத்தில் குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டோம். 1833-இல் எழுந்த கோயில் அது. அப்பா ஒவ்வொரு கடிதத்திலும் இந்த அம்மனைப் பற்றி எழுதுவாராம். மற்றவர்கள் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, பாட்டி பேரன் தோளைப் பிடித்து எழுந்து வாசற்படியைத் தொட்டுக் கும்பிட்டார். கப்பலுக்குத் திரும்ப இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.