பொன் விகிதமா, தங்க விகிதமா?

கணிதக் காணொளிகளில் 'கோல்டன் ரேஷியோ'வைத் 'தங்க விகிதம்' என்று சொல்லக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. 1.618 என்ற எண்ணில் தங்கம் எங்கே இருக்கிறது?

பொருள் இதுதான்: ஒரு கோட்டை இரண்டு துண்டாக்கும்போது, முழுக் கோடு பெரிய துண்டைப்போல் எத்தனை மடங்கோ, பெரிய துண்டும் சிறியதைப்போல் அத்தனை மடங்காக இருக்க வேண்டும். ஒழுங்கு ஐங்கோணத்தில் மூலைவிட்டத்தைப் பக்கத்தால் வகுத்தாலும் இதே எண். உச்சிக்கோணம் 108° என்பதால், இரண்டு பக்கமும் ஒரு மூலைவிட்டமும் சேர்ந்த முக்கோணத்தில் மற்ற இரண்டு கோணமும் 36°. ஆக விகிதம் 2 காஸ் 36°.

யூக்ளிட் இதைப் பொன் என்று சொல்லவே இல்லை, 'கடை, இடை விகிதம்' என்ற பொருளில்தான் எழுதினார். 1509இல் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி தெய்வீகம் என்றார். 'பொன்வெட்டு' என்று பொருள்படும் ஜெர்மன் பெயர் 1835இல் மார்ட்டின் ஓம் நூலில் அச்சேறியது. மின்தடை அலகுக்குப் பெயர் தந்த ஓமின் தம்பி இவர்.

அந்தப் பெயரில் இருப்பது உலோகம் இல்லை, சிறப்பு. சிறப்பைச் சொல்லத் தமிழில் பொன் இருக்கிறதே! பொன்விழா, பொன்மொழி, பொற்காலம் என்கிறோம், தங்க விழா என்று யாராவது அழைப்பிதழ் அடிக்கிறார்களா? 'தங்கமான பிள்ளை' என்கிறோமே என்பீர்கள், சரி, ஆனால் அங்கே 'ஆன' சேர்ந்த பிறகுதான் குணத்தைச் சொல்கிறது. தங்கச் சங்கிலி, தங்கக் காசு என்று நேராக ஒட்டினால் பெரும்பாலும் எதனால் செய்தது என்றுதான் காதில் விழும்.

அப்புறம் 'பொற்விகிதம்' என்று ஒரு கூட்டம் எழுதுகிறது. இது இன்னும் மோசம். ன் ற் ஆவது பொற்காசு, பொற்சிலை, பொற்பாதம் போல வல்லினம் வரும்போதுதான், வகரத்துக்கு முன் மாறாது. பொன்வண்டைப் பொற்வண்டு என்போமா? பொற்காலத்தைப் பார்த்து அப்படியே ஒட்டவைத்த வேலை. விகிதம் வடசொல்தான், ஆனால் பள்ளிப் பாடத்தில் வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்கி எறிய எனக்கு மனமில்லை. பொன் விகிதம் என்றே சொல்வோம்.

எல்லாவற்றையும்விடக் கோபம் வருவது 'தங்கச் சராசரி'யைப் பார்த்தால்தான். ஆங்கிலத்தில் இதற்குள்ள இன்னொரு பெயரான 'கோல்டன் மீன்' (mean) என்பதை அகராதியில் முதலில் கண்ட சொல்லால் பெயர்த்துவிட்டார்கள். பெரிய துண்டு, முழுக் கோட்டுக்கும் சிறிய துண்டுக்கும் பெருக்குச் சராசரி, அதாவது இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது, என்பது உண்மை. ஆனால் அது துண்டின் நீளம், 1.618 என்பது விகிதம். வெறும் சராசரி என்று படிக்கும் மாணவர் கூட்டி இரண்டால் வகுக்கத்தானே போவார்? மொழிபெயர்ப்பவர் அந்தக் கோட்டை ஒருமுறை தாளில் வரைந்து பார்த்திருந்தால் இந்தச் சொல் வந்தே இருக்காது.